காலரில் குத்திய பதக்கம்

டன்மோர், ஜார்ஜியா
செப்டம்பர் 8, 2002

என் பட்டாணி,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதியில் குளிருகிறதா? நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், குவாடலூப்பே மாதாவின் தயவு. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராமல் அழுகைதான் வருகிறது. நீ கேட்ட உறையை வாரா வாரம் அனுப்பத்தானே வேண்டும், அதோடு இதையும் வைத்துவிடுகிறேன்.

தூசி பிடிக்க நீ அனுப்பிய வெள்ளை வில்லைகள் வந்தன. சொன்னபடியே தினம் காலையில் ஒன்றை அப்பாவின் சட்டைக் காலரில் ஊசியால் குத்தி, சாயங்காலம் எடுத்து, தேதி எழுதிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வில்லை இதில் இருக்கிறது. காலையில் பால் வெள்ளையாகப் போவது மாலையில் சாம்பல் நிறத்தில் வருகிறது.

அவருக்கு ஒரே பெருமை. கண்ணாடி முன்னால் நின்று, "பாத்தியா லாலா, பதினாறு வருஷம் வளத்ததுக்கு எம் பொண்ணு எனக்குப் பதக்கம் குத்தி விட்டிருக்கா" என்றார். பட்டறையில் உன் ஞானத்தகப்பன் தோபியாஸ் விடவில்லையாம். "எந்தச் சண்டையில ஜெயிச்சீங்க ஜெனரல் செஞ்சோ?" என்று கேட்டாராம். "கல்லுக்கு அடியில படுக்கப் போறவனுங்களோடதான். இதுவரைக்கும் நான்தான் ஜெயிக்கிறேன்" என்றாராம் உன் அப்பா. கல்லறைக் கல்லில் மணலைப் பீய்ச்சிப் பெயர் வெட்டுகிறவர்களுக்கு வேறென்ன பேச்சு இருக்கும்.

காலையில் கொஞ்சம் இருமல். தூசிதான், குளிர் வந்தால் போய்விடும் என்கிறார்.

அங்கே மார்க் வாங்கினால் போதாதா? பரிசு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நேரம் இருந்தால் எழுது.

உன் நெற்றியில் சிலுவை போட்டு,
அம்மா

*

பள்ளி விடுதி
செப்டம்பர் 22, 2002

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். கோழி ஆலையில் உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? இரவில் வெந்நீரில் வை.

நீ கேட்டதற்குப் பதில். இந்த மாநிலம் முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகள்தான் இந்தப் பள்ளியில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முழு மார்க். கல்லூரிக்கு வழி சொல்லும் பிரெண்டிஸ் அம்மாளிடம் போனேன். பெரிய கல்லூரிகளின் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். அதில் விருதுகளுக்கு ஐந்து வரி விட்டிருக்கிறார்கள் அம்மா. ஐந்தே வரி. "உன்னோடது என்னென்ன?" என்று கேட்டார். ஒருநாளும் லீவு போடாததற்குக் கொடுத்த சான்றிதழைச் சொன்னேன். கோயிலில் வாசகம் படித்ததற்குக் கொடுத்த புத்தகத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெயெலி, மார்க் கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போகும். இந்த அஞ்சு வரிதான் உள்ள விடும்" என்றார்.

என் அறைத் தோழி எட்டாம் வகுப்பிலேயே ஐந்தையும் நிரப்பிவிட்டாள். என்னிடம் இருப்பது அப்பாவின் காலர் மட்டும்தான். பட்டறைத் தூசியில் என்ன இருக்கிறது என்று இதுவரை இங்கே யாரும் அளந்ததில்லை. இருபத்துநான்கு வாரம் விடாமல் அளந்தால் பிப்ரவரியில் நடக்கும் அறிவியல் போட்டிக்கு வைக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதே. நடுவில் எதையும் மாற்றக் கூடாது. அதே சட்டை, அதே வேலை, அதே இடம். ஒன்று மாறினாலும் எண்கள் கெட்டுவிடும். அப்பாவுக்கு என் முத்தம்.

நெயெலி

*

டன்மோர்
அக்டோபர் 20, 2002

என் பட்டாணி,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எங்களுக்குக் குறையில்லை. மணிக்கட்டு பரவாயில்லை.

ஐந்து வில்லையும் உள்ளே. வியாழக்கிழமை வில்லையில் காப்பி சிந்திவிட்டது, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் தோபியாஸ் உன் அப்பாவுக்கு ஒரு முகமூடி கொண்டுவந்தார். அவர் மச்சான் அட்லாண்டாவில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறாரே, அவர் கொடுத்தது. ரப்பரில் செய்தது, இரண்டு கன்னத்திலும் உருண்டையாக இரண்டு டப்பா. அப்பா இதுவரை அந்த நீலக் கைக்குட்டையைத்தானே மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை முகமூடியைப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து, "லாலா, இன்னிக்கு மூக்கச் சீந்துனா மணல் வரல" என்றார். ராத்திரி இருமலும் குறைச்சல்.

அப்புறம்தான் எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. எதையும் மாற்றக் கூடாது என்றாயே. இதுவும் அதில் சேருமா? நீ சொல்லும்வரை இருக்கட்டும் என்று, கழுவித் தருவதாகச் சொல்லி அவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

அப்பா பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். மெலிந்தால் அழகாகத்தான் இருக்கிறார், ஆனால் கால்சட்டை எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அம்மா

*

விடுதி
நவம்பர் 17, 2002

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமென்று நினைக்கிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, பரீட்சை.

வில்லைகள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. நீ எழுதும் தேதிகள் மிகத் தெளிவு, ஆசிரியரே பாராட்டினார். அவை எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒரு தொழிலாளியிடமிருந்து வருகின்றன என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். கட்டுரையில் பெயர் இருக்காது, "தொழிலாளி எண் 1" என்றுதான் வரும். நீயும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பாதி வந்துவிட்டோம். பிப்ரவரி வரை எல்லாம் இப்படியே நடக்கட்டும் அம்மா. எதுவும் மாறாமல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். தமாலே செய்து வை.

நெயெலி

*

டன்மோர்
ஜனவரி 12, 2003

என் பட்டாணி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் கால் வீங்கியதா? நீ போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. நான் நலம். அப்பாவுக்கு ஜலதோஷம் மாதிரி, விட்டு விட்டு வருகிறது.

உன்னிடம் கேட்காமல் விட்டதை எழுதிக் கேட்கிறேன், கோபிக்காதே. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்தில் அப்பா இருமும்போதெல்லாம் நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். பிறகு மேசைக்கடியில் ஒரு சின்ன நோட்டில் ஏதோ குறித்தாய். அவரும் பார்த்தார். "என்ன பட்டாணி, எத்தனை பாவம் செஞ்சேன்னு கணக்கா?" என்றார். நீ சிரித்தாய், ஆனால் அது உன் சிரிப்பு இல்லை. பெற்றவளுக்குத் தெரியும்.

முகமூடி பத்திரமாக இருக்கிறது. உன் முதல் நற்கருணை உடுப்பு இருக்கிற அட்டைப் பெட்டியில், உடுப்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டு. அப்பா கேட்டபோது, துவைக்கிற இடத்தில் வைத்தேன், காணவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். "போனா போகுது. அதப் போட்டா குதிர மாதிரி இருந்தேன்" என்றார்.

பிப்ரவரி முடிந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். இன்னும் ஆறு வாரம்தானே? சரியாக எண்ணிச் சொல்.

அம்மா

*

விடுதி
மார்ச் 2, 2003

அன்புள்ள அம்மா,

சுகமா? நான் சுகம். சந்தோஷமான செய்தி. வட்டாரப் போட்டியில் முதல் பரிசு. பிரெண்டிஸ் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார். ஏப்ரலில் மாநிலப் போட்டி.

ஆனால் அம்மா, வட்டாரப் பரிசு அந்த ஐந்து வரியில் கடைசி வரிக்குத்தான் ஆகுமாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வட்டாரம்னா நாடு முழுக்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. தேசியப் பரிசு வாங்கினவங்களைப் பேரோட ஞாபகம் வெச்சுப்பாங்க." மே மாதம் தேசியப் போட்டி. நடுவர்கள் என் வரைபடத்தைப் பார்த்து, இருபத்துநான்கு வாரம் நல்லது, மேலும் தொடர்ந்தால் இதைப்போல் வேறொன்று இருக்காது என்றார்கள்.

அதனால் மே வரைக்கும் மட்டும் அம்மா. இதுவரை இருந்த மாதிரியே. புது வில்லைகள் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. அப்பா தூங்கும்போது எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறார்? ஒன்றா, இரண்டா? மறக்காமல் எழுது.

நெயெலி

*

டன்மோர்
மார்ச் 23, 2003

பட்டாணி,

நீ சுகமாக இரு. உன் பரிசுச் செய்தியைக் கோயிலில் சாமியார் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று தலை குனிந்தார். பிறகு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறும்போதும் நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார்.

மூன்று தலையணை. ஏன் கேட்டாய்?

பட்டறையில் கல்லின் அவர் பக்கத்து முனையை இப்போது தோபியாஸ்தான் சேர்த்துத் தூக்குகிறாராம். முதலாளிக்குத் தெரியாமல். "ஞானப்புள்ள கல்லூரிக்குப் போற வரைக்கும் அவங்கப்பனுக்குக் கழுதையா இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன்" என்று கிண்டல் செய்கிறார். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீலக் கைக்குட்டையையும் காணோம். எங்கே என்று கேட்டேன். "உன் முகமூடி போன வழியில அதுவும் போச்சு" என்று சிரித்தார். பழைய தலையணை உறையைக் கிழித்துக் கொடுத்தேன், அதைத்தான் இப்போது மூக்கில் கட்டிக்கொள்கிறார்.

வில்லைகள் உள்ளே. முன்பெல்லாம் சாம்பலாக வரும், இப்போது தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அங்கே உன்னிடம் கருவி இருக்கிறது. எனக்குக் கண்தான் இருக்கிறது. நான் நேராகக் கேட்கிறேன், நீ நேராகச் சொல். இந்த வில்லையில் இருப்பது கெட்டதா?

அம்மா

*

விடுதி
மே 11, 2003

அம்மா,

நேற்று நம் சொந்த நாட்டு அன்னையர் நாள். வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. சுகமா?

தேசியப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. படம் வைத்திருக்கிறேன். பதக்கத்தையும் இந்தப் பொட்டலத்திலேயே அனுப்புகிறேன், அது அப்பாவுடையது, அவரிடம் கொடு.

இனி வில்லை வேண்டாம். பெட்டியில் இருக்கும் முகமூடியை இது கிடைத்ததுமே எடுத்து அப்பாவுக்குக் கொடு. இனி அவரை வேலைக்கு விடாதே. மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல். கல்லில் மணல் பீய்ச்சுகிறவர் என்று முதலிலேயே சொல். தள்ளிப் போடாதே அம்மா. ஒருநாள்கூட.

நெயெலி

*

டன்மோர்
ஜூன் 1, 2003

பட்டாணி,

நீ சுகமென்று நம்புகிறேன். இன்னும் பத்து நாளில் வந்துவிடுவாய், இருந்தாலும் எழுதுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுப் பேனா முனையால் இங்கும் அங்கும் தொட்டுக் காட்டினார். சால்வடோர் நாட்டுக்காரி ஒரு நர்ஸ் இருக்கிறாள், அவள்தான் நம் பாஷையில் சொன்னாள். நுரையீரல் இரண்டிலும் கல்தூள் படிந்து இறுகிவிட்டதாம். எடுக்க வழி இல்லை, மருந்தும் இல்லை. அப்பா கேட்டார்: "ஏழு வருஷமா நான் கல்ல வெட்டுறேன்னு நெனச்சேன், அதுதான் என்னை வெட்டியிருக்கா?" அந்தப் பெண் இதை மொழிபெயர்க்கவில்லை.

நான் தனியாக மருத்துவரிடம் போய், ஒரு குளிர்காலம் முழுக்க முகமூடி போட்டிருந்தால் என்று கேட்டேன். இது பல வருஷத்து வேலை, ஆறேழு மாதம் எவ்வளவு சேர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். முடியாது என்றார் பட்டாணி. இல்லை என்று சொல்லவில்லை.

உன் பதக்கத்தை மருத்துவமனைச் சட்டையில் குத்திக்கொண்டு, வருகிற நர்ஸுக்கெல்லாம் காட்டுகிறார். பெட்டியை நான் திறக்கவில்லை. இனி முகமூடி எதற்கு.

பார்த்து வா.

அம்மா

*

விடுதி
அக்டோபர் 12, 2003

அம்மா,

சாப்பிடுகிறாயா? தனியாகத் தூங்கப் பயமாக இருந்தால் தோபியாஸ் வீட்டில் போய்ப் படு. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம், எழுதுகிறேன்.

அப்பாவைப் புதைத்து எட்டு வாரம் ஆகிறது. கோடை முழுக்க நாம் இரண்டு பேரும் அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறைகூட நீ என்னை எதுவும் கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஆமாம் அம்மா. கெட்டது. நான்காவது வாரமே எனக்குத் தெரியும். மூச்சு முட்டுகிறவர்களுக்குத் தலையணை கூடிக்கொண்டே போகும் என்று தெரிந்துதான் எத்தனை என்று கேட்டேன்.

முகமூடி பற்றிய உன் கடிதத்தை வகுப்புக்குப் போகிற வழியில் படித்தேன். பிப்ரவரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பதிலில் அதைப் பற்றி எழுதாமல் விட்டால் நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும்.

தேசியப் போட்டியில் நரைத்த தலையோடு ஒரு நடுவர் அம்மாள் கேட்டார்: "வில்லை காலர்லதானே இருந்தது? அப்ப அவர் முகமூடி போட்டிருந்தாலும் உன் எண் எதுவும் மாறியிருக்காதே. அவர்கிட்ட முகமூடி இருந்ததா?" சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம் அம்மா. முகமூடி வாயில், வில்லை காலரில். எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. "இல்ல, அவர்கிட்ட முகமூடி இல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பரிசைத்தான் உங்களுக்கு அனுப்பினேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் முதல் தேதி. ஒரு கல்லில் எத்தனை எழுத்து அடங்கும் என்று அப்பா எண்ணுவாரே, அப்படி எண்ணி எண்ணி அந்த வரியில் அடைக்க வேண்டும். தேசியப் பரிசை முதல் வரியில் போடு என்கிறார் பிரெண்டிஸ் அம்மாள். சாவுக்குப் பிறகு, அது யாருடைய காலர் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கியது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டுரையில இதையே எழுது கண்ணு. படிக்கிற யாரும் உன்னை மறக்க மாட்டாங்க" என்றார். பாதிக் கதைதான் அவருக்குத் தெரியும்.

அந்த வரி இல்லாவிட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. லீவு போடாத சான்றிதழ்தான். அதைப் போட்டால் நான் உள்ளே போய்விடுவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். போடட்டுமா அம்மா? நீ ஒரு வார்த்தை எழுது. போடு என்றால் போடுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

நெயெலி

*

டன்மோர்
நவம்பர் 2, 2003, இறந்தோர் நாள்

செஞ்சோ,

அங்கே மூச்சு விட லேசாக இருக்கிறதா? இங்கே நான் நலம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

உன் படத்துக்கு முன்னால் துலுக்கச் செவ்வந்தி வைத்திருக்கிறேன். உப்பு, தண்ணீர், உனக்குப் பிடித்த பீர், இறந்தோர் ரொட்டி, உன் பதக்கம், எல்லாம் இருக்கிறது. பதக்கத்தை உன்னோடு புதைக்க வேண்டாம், பிள்ளை திரும்பக் கேட்பாள் என்று நீதான் சொன்னாய். இந்தக் கடிதத்தையும் தட்டுக்கடியில் வைக்கப் போகிறேன். நீ வந்து படி.

பட்டாணி என்னிடம் ஒன்று கேட்டு எழுதியிருந்தாள். மூன்று வாரமாகத் தினமும் காகிதத்தை எடுத்தேன். போடு என்று எழுதப் போனால் உன் இருமல் காதில் கேட்டது. வேண்டாம் என்று எழுதப் போனால் நீ கண்ணாடி முன்னால் நின்று காலரைத் தடவுவது தெரிந்தது. நான் எழுதவே இல்லை. நேற்றோடு நாள் முடிந்துவிட்டது. அவள் அந்த வரியில் என்ன போட்டாளோ எனக்குத் தெரியாது. பதில் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும் என்று ஒரு கெட்ட எண்ணம் எனக்குள் இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் உன் பீடத்துக்கு வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. அவளுடைய நற்கருணை முக்காடு இருக்கிறதே என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். நான் ஒளித்த நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் திறக்கிறேன்.

முகமூடியை நான் வெறுமனேதான் வைத்தேன் செஞ்சோ. இப்போது அது உன் நீலக் கைக்குட்டையில் சுற்றியிருக்கிறது. துவைத்து, மடித்து, நான்கு முனையையும் நீ போடுகிற முடிச்சால் கட்டியிருக்கிறது. உடுப்பில் தூசி படக் கூடாதென்று சுற்றினாய் போலிருக்கிறது.

நான் எவ்வளவு பெரிய முட்டாள். பிள்ளை ஞாபகம் வந்தால் நீ அந்த உடுப்பைத்தான் எடுத்துப் பார்ப்பாய் என்று தெரிந்தும் அங்கேயே ஒளித்தேன். நீ எடுத்தாய், பார்த்தாய், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாய். மறுநாள் கிழிந்த தலையணை உறையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாய். முகமூடி போன வழியில் கைக்குட்டையும் போனதென்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அவள் கடிதம் எதையும் நான் உனக்கு முழுதாக வாசித்துக் காட்டியதில்லை. எதையும் மாற்றாதே என்று அவள் எழுதியதை உனக்குச் சொன்னதே இல்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். மூன்று தலையணையில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாயே, அந்த முகமூடி நம் பிள்ளைக்காக அங்கே இருந்தது என்று தெரிந்துதான் பேசாமல் இருந்தாயா, இல்லை, உன் பெண்டாட்டி உன்னைச் சாகவிடத்தான் அதை ஒளித்தாள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாயா?